சாய்ந்து கிடந்த அந்தக் கப்பலின் படம்: உல்லாசக் கப்பல் விபத்துச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உல்லாசக் கப்பல் பயணம் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுவார். கரையோரப் பாறைகளின் மேல் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்த அந்த வெள்ளைக் கப்பல். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியா அது. கப்பலில் இருந்த 4,229 பேரில் 32 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அன்றிரவு என்னென்ன தவறியது என்று கேட்டால், "கேப்டன் ஓடிவிட்டார்" என்பதற்கு மேல் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

கப்பல் விபத்து விசாரணை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என்னை விடாமல் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. செய்தி சூடாக இருக்கும் முதல் வாரத்திலேயே மக்கள் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. உண்மைக் காரணம் மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்து வருகிறது. அப்போது அதைக் கேட்க ஆளில்லை. கப்பல் பயணத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்துகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் உருவானவை.

முதல் வாரத்தோடு முடிவு கட்டிவிடுவது

2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் வைக்கிங் ஸ்கை என்ற கப்பல் கடும் புயலில் சிக்கியது. எஞ்சின்கள் நின்றுபோயின. 1,373 பேர் கப்பலில் இருந்தார்கள். உள்ளே நாற்காலிகளும் மேசைகளும் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சறுக்கிப் போவதையும், கூரைத் தகடுகள் பயணிகளின் அருகில் பெயர்ந்து விழுவதையும் செல்பேசிகளில் படம்பிடித்தார்கள். ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி 479 பேரைக் கரை சேர்த்தன. மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. உலகம் முழுவதும் பார்த்த காட்சி அது. பார்த்தவர்கள் எடுத்த முடிவும் ஒன்றுதான்: கடல் பொல்லாதது, புயலில் கப்பல் தாங்காது.

புயல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் கடலில் ஓடுவதற்காகவே கட்டப்பட்ட கப்பலின் எஞ்சின்கள் ஏன் நின்றன? சில நாட்களிலேயே நார்வேயின் கடல்சார் ஆணையம் ஒரு விவரத்தைச் சொன்னது. எஞ்சின்களுக்கான மசகு எண்ணெய் தொட்டிகளில் குறைவாக இருந்திருக்கிறது. கப்பல் ஆடியபோது எண்ணெய் தொட்டிக்குள் அலைந்து பம்புகளுக்கு எட்டாமல் போக, பாதுகாப்புக் கருவிகள் எஞ்சின்களைத் தாமாகவே நிறுத்திவிட்டன. முழு விசாரணை அறிக்கை 2024 மார்ச்சில்தான் வந்தது. விபத்து நடந்து ஐந்து ஆண்டுகள்! நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே பழுதாகியிருந்தது, அந்த நிலையில் கப்பல் டிராம்சோ துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியிருக்கவே கூடாது, தரை தட்டுவதற்கு ஒரு கப்பல் நீளமே மிச்சமிருந்தது என்று அந்த அறிக்கை சொல்கிறது. தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்பும் ஒரு சாதாரண வேலையிலிருந்து தொடங்கிய பேராபத்து அது.

சறுக்கும் நாற்காலிகளை நினைவில் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இந்த எண்ணெய்த் தொட்டி தெரியும்? இந்த வேறுபாடு சிறியதன்று. "கடல் பொல்லாதது" என்று நம்புகிறவர் கப்பலில் ஏறாமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். "பழுதான ஜெனரேட்டரோடு கப்பலை ஏன் கிளப்பினார்கள்?" என்று கேட்கிறவர் நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கிறார்.

முதல் செய்தி பிழையாக இருப்பதும் புதிதன்று. 1912 ஏப்ரல் 15 அன்று, டைட்டானிக் மூழ்கிய பிறகும், பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று நியூயார்க்கில் ஒரு மாலைப் பத்திரிகை தலைப்புச் செய்தி வெளியிட்டது. 1,500க்கும் மேற்பட்டோர் அதற்குள் கடலில் மாண்டிருந்தார்கள். இன்று செய்தி வரும் வேகம் கூடியிருக்கிறது. முதல் நாளில் தெரிவது அரைகுறை என்பது மாறவில்லை.

காட்சியின் அளவை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வது

2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. எரிபொருள் குழாய் ஒன்றில் ஏற்பட்ட கசிவே காரணம். தீ அணைக்கப்பட்டது. யாரும் இறக்கவில்லை. ஆனால் மின்சாரம் போய், கழிவறைகள் வேலை செய்யாமல், 4,200க்கும் மேற்பட்டோர் நான்கு நாட்கள் கடலில் தவித்தார்கள். மெத்தைகளை மேல்தளத்துக்கு இழுத்து வந்து திறந்த வெளியில் படுத்தார்கள். இழுவைப் படகுகள் அந்தக் கப்பலை அமெரிக்காவின் மொபைல் நகரத் துறைமுகத்துக்கு மெல்ல மெல்ல இழுத்து வந்ததை அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் நேரலையாகக் காட்டின.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூன் 1 அன்று, சீனாவின் யாங்சி ஆற்றில் ஈஸ்டர்ன் ஸ்டார் என்ற சுற்றுலாக் கப்பல் சூறைக்காற்றில் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 454 பேரில் 442 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். கான்கார்டியாவில் இறந்தவர்களைப்போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு உயிரிழப்பு. இந்தப் பெயரைச் சொன்னால் "அப்படி ஒரு கப்பலா?" என்று கேட்பவர்களே அதிகம்.

நிகழ்வின் கொடுமைக்கும் அது மனத்தில் பதியும் ஆழத்துக்கும் தொடர்பில்லாமல் போவது இப்படித்தான். கான்கார்டியாவின் உடல் 2014 ஜூலையில் மிதக்கவிடப்பட்டு ஜெனோவாவுக்கு இழுத்துச் செல்லப்படும்வரை இரண்டரை ஆண்டுகள் அதே தீவின் ஓரத்தில்தான் இருந்தது. எந்தக் கப்பலைப் பற்றிய செய்தி வந்தாலும் அந்தப் படம் கூடவே வந்தது. எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்கிடுகிறது என்று உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973இல் எழுதினார்கள். கப்பல் விஷயத்தில் அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பயம் தவறான பக்கம் தள்ளினால் அதற்கும் விலை உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். அடுத்த 12 மாதங்களில் சாலைகளில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் இறந்ததாக ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். உலகச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவற்றுக்கு நேரலை கிடையாது.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தே வரும். மக்களை ஏற்றி இறக்கும் ஃபெர்ரிகளில் நடக்கும் விபத்துகளை உல்லாசக் கப்பல்களின் கணக்கில் எழுதிவிடுவது. 1987இல் பிலிப்பைன்ஸில் மூழ்கிய டோன்யா பாஸ், 2002இல் 1,800க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட செனகலின் லெ ஜூலா ஆகியவை அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய ஃபெர்ரிகள். அவற்றின் ஆபத்தும் கேள்விகளும் வேறு. ஏழைகள் ஏறும் அந்தக் கப்பல்களுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

நோய்ச் செய்தியை எண்ணிக்கையோடு மட்டும் படிப்பது

கப்பலில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் நோரோவைரஸ். "கப்பல் என்றாலே நோய்" என்று எண்ணிவிடுகிறோம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் வயிற்றுநோய் கண்டவர்களின் எண்ணிக்கையை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேருக்குக் கண்டாலே மையம் அதைப் பொதுவில் அறிவிக்கும். விடுதிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்று அதே மையம் சொல்கிறது. எண்ணப்படும் இடத்தில்தான் எண்ணிக்கை தெரியும்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. நெருக்கமான அறைகளிலும் பொதுவான உணவுக்கூடங்களிலும் தொற்று வேகமாகப் பரவும் என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், ஏறத்தாழ எல்லோரையும் பரிசோதித்ததால்தான், அறிகுறியே இல்லாமல் தொற்றியிருந்தவர்களும் அந்தக் கணக்கில் வந்தார்கள். கரையில் அப்போது அப்படி யாரும் தேடிப் பார்க்கவில்லை.

ஒரே ஆளின் தலையில் எல்லாவற்றையும் போடுவது

கான்கார்டியாவுக்கு மீண்டும் வருகிறேன். கப்பல் தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் செய்த குற்றத்தை எந்த வகையிலும் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. கப்பலுக்குத் திரும்பிப் போகும்படி கடலோரக் காவல்படை அதிகாரி தொலைபேசியில் அவரிடம் சீறிய ஒலிப்பதிவு உலகமெங்கும் பரவியது, அந்தச் சொற்கள் சட்டைகளிலும் அச்சாகின. ஒரு கோழை, ஒரு வீரர் என்று கதை முடிந்துவிட்டது.

முடிந்துபோன கதைக்குள் அடங்காதவை பல. மோதிய பிறகு, மின்சாரக் கோளாறுதான் என்று பயணிகளிடம் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அவசரகால ஜெனரேட்டர் சரியாக ஓடவில்லை. சுக்கான் பிடித்தவர் உத்தரவுகளைத் தவறாகப் புரிந்துகொண்டார். கரையில் இருந்த நெருக்கடி ஒருங்கிணைப்பாளர் உட்பட மேலும் ஐந்து பேர் 2013இல் குற்றத்தை ஏற்றுத் தண்டனை பெற்றார்கள். நிறுவனம் 10 லட்சம் யூரோ அபராதம் செலுத்தியது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அன்று மாலை இத்தாலியின் சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகள் அவசரகால ஒத்திகையில் இன்னும் கலந்துகொண்டிருக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தது. அது விதிமீறலும் இல்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய பன்னாட்டு விதி.

ஓடிப்போகும் ஒரு கேப்டன் நூற்றில் ஒருவராக இருக்கலாம். தங்கள் உயிர்காப்புப் படகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் நின்ற 700 பேர், அன்றைய விதிப்படி, எந்தக் கப்பலிலும் இருந்திருக்கக்கூடியவர்கள்.

"எல்லாம் ஊடகத்தின் மிகைப்படுத்தல்" என்று ஒதுக்குவது

இதுவரை படித்தவர்கள் இந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கப்பல் பயணத்தை விரும்புகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. என் பார்வையில் பயப்படுவதைவிட இது மோசமானது.

செய்தியின் அழுத்தம் இல்லாவிட்டால் பல விதிகள் அசைந்திருக்குமா என்பது சந்தேகமே. டைட்டானிக் துயரத்தின் பிறகே 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. கான்கார்டியா செய்திகள் ஓய்வதற்குள், கிளம்பும் முன்பே ஒத்திகை நடத்துவதாகக் கப்பல் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2015 ஜனவரி முதல் அது பன்னாட்டு விதியானது. டிரையம்ப் நேரலையின் சூடு தணியும் முன், 2013இல், பயணிகளின் உரிமைப் பட்டியலைக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்டது. கார்னிவல் நிறுவனம் தன் கப்பல்களின் மின்வசதியையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் மேம்படுத்த ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது.

ஆனால் மறதியும் வேகமானது. விபத்து நடந்ததும் முன்பதிவு குறையும், கட்டணத்தைக் குறைப்பார்கள், சில மாதங்களில் கூட்டம் திரும்பிவிடும். கான்கார்டியாவுக்குப் பிறகும் பயணிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 2019இல் 2.97 கோடியைத் தொட்டது. பெருந்தொற்றில் சரிந்தது, 2023இல் 3.17 கோடியாக மீண்டது. கூட்டம் திரும்பியதில் எனக்குக் குறையில்லை. பயத்தோடு சேர்த்துக் கேள்விகளையும் மக்கள் மறந்துவிடுவதுதான் வருத்தம். ஒத்திகை நேரத்தில் கூடுமிடத்துக்கு வந்து அட்டையைக் காட்டிவிட்டு, லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பணியாளர்களை விட்டுவிட்டுப் படிப்பது

விபத்துச் செய்திகள் பெரும்பாலும் பயணிகளின் வாயிலிருந்து வருகின்றன. ஒளிப்படம் எடுப்பவர்களும் பேட்டி கொடுப்பவர்களும் அவர்கள்தான். டிரையம்பில் மின்சாரமில்லாத அடித்தளங்களில் அந்த நான்கு நாட்களும் கழிவைச் சுத்தம் செய்தவர்கள் யாரென்று நேரலையில் அதிகம் தெரியவில்லை. கப்பல் பாதுகாப்பானதா என்று பேசும்போது பயணிக்குப் பாதுகாப்பானதா என்றே பேசுகிறோம். அங்கே மாதக்கணக்கில் வாழ்கிறவர்கள் கணக்கில் வருவதில்லை.

கான்கார்டியாவில் இறந்த 32 பேரில் ஐவர் பணியாளர்கள். அவர்களில் ஒருவர் உணவு பரிமாறும் வேலையிலிருந்த இந்திய இளைஞர். மற்ற 31 பேரும் கிடைத்த பிறகும் அவருடைய உடல் மட்டும் கிடைக்கவில்லை. கப்பலை நிமிர்த்தினார்கள், மிதக்க வைத்தார்கள், ஜெனோவாவுக்கு இழுத்துச் சென்றார்கள். நீதிமன்றத்தில் கேப்டன் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 2014 நவம்பரில், கப்பலை உடைக்கும் வேலைக்கு நடுவே, எட்டாவது தளத்திலிருந்த ஓர் அறையில் அவரைக் கண்டெடுத்தார்கள். அவருடைய குடும்பம் அதுவரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், காத்திருந்தது.