ஆற்று மணலை விட்டுக் கெட்டித் தரைக்கு: வேகத்துக்கும் குதிப்புக்குமான பயிற்சி

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முந்தைய மாதங்களில், காவிரியும் கொள்ளிடமும் மணல்வெளியாகக் கிடக்கும்போது, கபடிக்கும் கைப்பந்துக்கும் காவலர் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள் விடியற்காலையில் அந்த மணலில் ஓடுவது நம் பகுதியில் வழக்கம். மூச்சுக்கும் தொடைக்கும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் அதை மட்டுமே நம்பி, வேகமும் குதிக்கும் உயரமும் கூடவில்லையே என்று வருந்துகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

காரணம் எளியது. முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிதான் இருக்கிறது. அதற்குள் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாண் ரப்பரைப் போல இழுபட்டு, சேர்த்த விசையைத் திருப்பித் தர வேண்டும். மணலில் பாதம் புதைவதால் அந்த விசையில் பெரும்பங்கு மணலுக்கே போய்விடுகிறது. ஆகவே மணல் ஓட்டத்தை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திவிட்டு, வேகப் பயிற்சியைக் கெட்டியான மண் தரையில் செய்யுங்கள். சம்பா அறுத்த வயல் அதற்கு ஏற்றதன்று. ஒரு மாசி மாதத்தில் தாளுக்கு அடியில் மறைந்திருந்த வெடிப்பில் கணுக்கால் பிசகி நான் ஆறு வாரம் நொண்டியிருக்கிறேன். நெற்களமோ பள்ளி மைதானமோ போதும்.

முதல் ஆறு வாரங்களில் வலிமையைச் சேர்க்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் 20 பஸ்கி எடுக்க முடிந்த பிறகு, யூரியா சாக்கில் 15 அல்லது 20 கிலோ மணல் கட்டி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டெட்டாக மூன்று முறை எடுங்கள். எளிதாகும்போது மணலைக் கூட்டுங்கள். படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதையும், மண்டியிட்டபடி நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள உடலை மெல்ல முன்னே சாய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னது ஓடும்போது பின்தொடை பிடித்துக்கொள்ளாமல் காக்கும்.

குதிக்கும் முன் இறங்கக் கற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஒரு திண்ணையிலிருந்து இரண்டு கால்களாலும் இறங்கி, அப்படியே அசையாமல் நில்லுங்கள். ‘தொப்’ என்ற சத்தம் கேட்டால் தொடை வேலை செய்யவில்லை, எலும்பும் மூட்டும் அடியை வாங்குகின்றன என்று பொருள். முன்பாதம் முதலில் பட்டு, இடுப்பு பின்னே தாழ்ந்து, முழங்கால் இரண்டும் உள்நோக்கி மடங்காமல் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். பத்து முறையும் சத்தமின்றி இறங்கும் பிள்ளையை மட்டுமே அடுத்த கட்டத்துக்கு அனுப்புவேன்.

அதன் பிறகு, வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது 48 மணி நேரம் விட்டு, உடலைச் சூடேற்றிக்கொண்டு முதலில் 30 மீட்டர் முழு வேக ஓட்டம் ஆறு முறை ஓடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும். மூச்சு வாங்க வாங்க ஓடினால்தான் பயிற்சி என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. களைத்த கால் மெதுவாக ஓடவே பழகும். ஓட்டம் முடிந்தபின் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், உயரம் எம்பல், ஒற்றைக்கால் தாவல் எல்லாம் சேர்த்துத் தரையில் கால் படும் எண்ணிக்கை 60-ஐத் தாண்ட வேண்டாம். சாக்கு மூட்டைப் பயிற்சி கடைசியில் வரட்டும்.

சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. அதனுடன் முட்டை, மீன், சுண்டல், பருப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒவ்வொரு நாளும் இருக்கட்டும்.

ஒவ்வொரு பயிற்சி நாளிலும் விரல் நுனியில் சாக்கட்டிப் பொடி தடவி, சுவரோரம் நின்று எம்பித் தொட்டு, அந்தத் தடத்தின் அருகே தேதியைக் குறியுங்கள். வழக்கமான தடத்துக்கு நான்கு விரற்கடை கீழே விழுந்தால், அன்று குதிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குங்கள்.