ரிப்பீட்டர் பூட்டிய போனோகிராஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் இருக்கும் நியூஜெர்சியில் பழைய போனோகிராஃப்கள் கைமாறும் சந்தைகளுக்குக் குறைவில்லை. எடிசனின் வெஸ்ட் ஆரஞ்ச் ஆய்வகம் இந்த மாநிலத்தில்தானே இருந்தது. உருளை போனோகிராஃப் (தட்டுக்குப் பதில் உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் இயந்திரம்) சேகரிக்கத் தொடங்கிய நம்மவர்கள் சிலர் சமீபமாக ரிப்பீட்டர் உள்ள இயந்திரங்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பாட்டு முடிந்ததும் கை படாமல் தானாகவே தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி பாடுவதைப் பார்க்க எனக்கு இன்னமும் சலிக்கவில்லை. ஆனால் புதியவர்கள் கொண்டுவந்து காட்டும் சேதங்கள், தொடக்க காலத்தில் நாங்கள் செய்துவைத்தவையேதான். அதனால் இதை எழுதுகிறேன். மெழுகு உருளையைக் கீழே போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேலை செய்யும் விதம். எடிசன் ஸ்டாண்டர்ட், ஹோம், ட்ரையம்ஃப் என்ற மூன்று மாடல்களிலும் உருளை மாட்டும் மாண்ட்ரலின் தண்டு இடப்பக்கம் நீண்டு, ஓர் அங்குலத்துக்கு 100 புரி கொண்ட ஃபீட் ஸ்க்ரூவாக ஓடுகிறது. அதன்மேல் ஹாஃப் நட் (பாதியாக வெட்டிய நட்) உட்கார்ந்து, உருளையின் பள்ளத்தைத் தொட்டு ஒலி எழுப்பும் ரீப்ரொடியூசரைச் சுமக்கும் கேரேஜை இடமிருந்து வலமாக நகர்த்துகிறது. நிமிடத்துக்கு 160 சுற்று. இரண்டு நிமிடப் பாட்டில் 320 சுற்று, அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் பயணம். பாட்டு முடிந்ததும் நாம் கையால் நெம்புகோலைத் தூக்கி, கேரேஜை இடது பக்கம் தள்ளி, மறுபடி இறக்குவோம். இந்த மூன்று வேலையையும் இயந்திரமே செய்ய வைப்பதுதான் ரிப்பீட்டர். வலது கோடியில் ஒரு நிறுத்தம் (தடுப்புத் துண்டு) தட்டியதும் கேரேஜ் தூக்கப்படும். நான் அதிகம் கையாண்ட வகையில், அகலமான புரி கொண்ட இன்னொரு திருகு அதைப் பிடித்து வேகமாக இடது பக்கம் கொண்டுபோகும். அங்கே இன்னொரு நிறுத்தம் அதை இறக்கிவிடும். வேறு வகைகளில் பாகங்கள் மாறலாம்; தூக்கு, திருப்பு, இறக்கு என்ற வரிசை மாறாது.

இந்தத் தேவை வியாபாரத்தில்தான் முதலில் எழுந்தது. 1889 நவம்பர் 23 அன்று லூயிஸ் கிளாஸ் சான் பிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுக்கடையில் காசு போட்டால் பாடும் போனோகிராஃபை வைத்தார். பேட்டரியில் ஓடிய எடிசன் இயந்திரம் அது. காதில் வைத்துக் கேட்கக் குழாய்கள் உண்டு. அப்படிப்பட்ட தொழிலில் அடுத்த வாடிக்கையாளர் பாதிப் பாட்டிலிருந்து கேட்க ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து திருப்பி வைப்பதும் கட்டுப்படியாகாது. வீட்டு இயந்திரங்களுக்கான ரிப்பீட்டர் அதற்கு அப்புறம் வந்தது.

நட் விடுபடும் அளவுக்குத் தூக்கினால் போதும் என்று நினைப்பது

இத்தனை பேருக்குச் சொல்லியும் ஓயாத தவறு இது. மற்றவற்றைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

ரிப்பீட்டரைச் சரிசெய்பவர் என்ன பார்க்கிறார்? கேரேஜ் திரும்பும்போது ஹாஃப் நட் ஃபீட் ஸ்க்ரூவில் உரசக் கூடாது. உரசினால் கரகரவென்று சத்தம் வரும். அதனால் சத்தம் நிற்கும் வரை தூக்கும் உயரத்தைக் கூட்டுகிறார். சத்தம் நின்றது, கேரேஜ் வழுக்கிக்கொண்டு போகிறது. சரி, வேலை முடிந்தது என்று திருகை இறுக்கிவிடுகிறார்.

முடியவில்லை. 100 புரி திருகின் பள்ளம் கால் மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. அதிலிருந்து நட் வெளியே வர மிகக் கொஞ்சம் தூக்கினால் போதும். ஆனால் பள்ளத்தைத் தொடும் நீலக்கல் முனை ரீப்ரொடியூசரோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டதல்ல. அது மிதக்கும் எடையில் இருக்கிறது. அந்த எடை கீலில் தொங்குகிறது. உருளை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முனை பள்ளத்தை விடாமல் தொடர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அதன் விளைவைப் பாருங்கள்: கேரேஜ் மேலே எழும்பும்போது எடை கூடவே எழும்பாது. கீலில் சாய்ந்து தொங்கியபடி, முனை மெழுகின் மேலேயே இருக்கும். எடையின் வளையம் அதன் தடுப்பு ஊசியில் போய் மாட்டிய பிறகுதான் முனையும் மேலே வரத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் நட் எப்போதோ விடுபட்டிருக்கும். திரும்பும் திருகும் கேரேஜை இழுக்க ஆரம்பித்திருக்கும்.

அதாவது பாட்டு முழுவதன் மேலும் முனை குறுக்கே உரசிக்கொண்டு போகிறது. சத்தம் வராதா என்றால், வரும், மெல்லிய சீறல். ஒலி வெளிவரும் கொம்பில் அது கேட்கும். திரும்பும்போது கொஞ்சம் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவார்கள்.

ஒரு தம்பி எடிசன் ஹோம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். விற்றவர் ரிப்பீட்டரைச் சரிபார்த்து ஓட்டிக் காட்டியே கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு ஒரு மாலை முழுவதும் பழுப்பு மெழுகு உருளை ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார் தம்பி. "அண்ணா, பாட்டுக்குள்ளே டக் டக் என்று அடிக்கிறது, ரீப்ரொடியூசர் கெட்டுவிட்டதா?" என்று கேட்டார். உருளையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அகலமாகச் சுற்றிப்போகும் கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. கேரேஜ் திரும்பும்போது உருளை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கீறல் நேர்க்கோடாக விழாமல் சுருளாக விழும். ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி விழும். பாட்டின் பள்ளம் அந்தக் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு டக். எத்தனை கோடோ, சுற்றுக்கு அத்தனை டக்.

1902இல் அச்சில் வார்த்த உருளைகள் வருவதற்கு முன்னால், பழுப்பு மெழுகு உருளைகளை ஒரே பாடகர் பலமுறை பாடியோ, ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் படியெடுத்தோதான் செய்தார்கள். தம்பி கையில் இருந்த குரல்பதிவு வேறெங்கும் இல்லாமலேயே போயிருக்கலாம். அந்தக் கீறலை அழிக்க வழியே கிடையாது. ஓட்டிக் காட்டி விற்றவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கீலில் தொங்கும் எடையைக் குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரியாக அமைக்கும் முறை இது. முதலில் மோட்டாருக்கும் மாண்ட்ரலுக்கும் நடுவில் உள்ள தோல் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். நல்ல உருளைக்குப் பதிலாகப் பாழாய்ப்போன ஒரு செல்லுலாய்டு உருளையை மாட்டி, கையால் மாண்ட்ரலைப் பாடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாமல் பறந்துபோகும் இந்த வேலை முழுதும் இப்போது உங்கள் விரல் வேகத்தில் நடக்கும்.

வலது கோடி வந்ததும் கண்ணை உருளையின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முனைக்கும் உருளைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்த பிறகே கேரேஜ் பக்கவாட்டில் அசைய வேண்டும். முன்னரே அசைந்தால் தூக்கும் உயரம் போதவில்லை, அல்லது தூக்குவது தாமதமாகிறது. அடுத்து, அஞ்சல் அட்டை கனமுள்ள தாளை இரண்டாக மடித்து அந்த இடைவெளியில் செருகி, திரும்பும் பயணம் முழுவதும் தடையில்லாமல் நகர்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் மாட்டினால் அங்கே உருளை புடைத்திருக்கிறது. பழைய உருளைகளில் முழு வட்டமாக இருப்பவை குறைவு என்பதால் இந்த மடித்த அட்டை அளவுக்குக் குறைய நான் சம்மதிப்பதில்லை.

கேரேஜைத் தூக்கும் உயரத்தைக் கூட்டியும் போதவில்லை என்றால் எடையின் தடுப்பு ஊசியைப் பாருங்கள். வளைந்தோ தேய்ந்தோ போயிருந்தால் எடை அளவுக்கு மீறித் தொங்கும். அங்கே குறையை வைத்துக்கொண்டு ரிப்பீட்டரை என்ன திருகினாலும் பயனில்லை. ரீப்ரொடியூசரை மாற்றும்போதும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இரண்டு நிமிட உருளைக்கான சி வகை ரீப்ரொடியூசரின் எடை தொங்கும் அளவும், நான்கு நிமிட உருளைக்கான எச் வகையின் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒன்றுக்கு அமைத்துவிட்டு மற்றதை மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

நட்டின் ஸ்பிரிங்கை வளைத்து அழுத்தம் கூட்டுவது

இறங்கும்போது நட் சட்டென்று புரியில் உட்காராமல் ஓரிரு சுற்றுத் தடுமாறுகிறது என்பதற்காக ஸ்பிரிங்கை வளைத்து அழுத்துகிறார்கள். கையால் இயக்கும் இயந்திரத்தில் நட் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் இறங்கும். ரிப்பீட்டரிலோ அதே நாலைந்து புரிகளின் மேல்தான் நாளெல்லாம் இறங்கும். அழுத்தம் கூடினால் அந்த இடம் மட்டும் மொட்டையாகிவிடும். அப்புறம் பாட்டின் முதல் வரியிலேயே முனை நின்ற இடத்தில் நின்று சுற்றும். நட் தேய்ந்திருந்தால் நட்டை மாற்றுங்கள், அது மலிவு. ஃபீட் ஸ்க்ரூ அப்படியல்ல.

உருளை உட்கார்ந்த இடத்தைப் பார்க்காமல் விடுவது

ரிப்பீட்டரின் இரண்டு நிறுத்தங்களும் இயந்திரத்தோடு சேர்ந்தவை. உருளை எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. 1912இல் வந்த ப்ளூ ஆம்பரால் உருளைகளுக்குச் செல்லுலாய்டு மேற்பரப்பும் உள்ளே பிளாஸ்டர் கூடும் உண்டு. ஈரம் குடித்த பிளாஸ்டர் உப்பிவிடும். மாண்ட்ரல் ஒரு பக்கம் சரிந்த கூம்பு வடிவம் என்பதால் உப்பிய உருளை கடைசிவரை போகாமல் சில மில்லிமீட்டர் வலப்பக்கமாகவே நின்றுவிடும். கையால் போடும்போது நாம் பார்த்து இறக்குவோம். ரிப்பீட்டர் பார்க்காது. உருளையே இல்லாத இடத்தில் இறக்கிவிடும். தொங்கும் முனை நகர்ந்துபோய் உருளையின் விளிம்பில் முட்டும். நீலக்கல் சில்லு தெறிக்க அது போதும். வலது பக்கம் பாட்டின் கடைசி சில நொடிகளும் கிடைக்காது.

அதற்காக உருளையை அமுக்கித் திணிக்காதீர்கள், கூடு விரிசல் விடும். பிளாஸ்டரின் உட்புறத்தைப் பொறுமையாக, சீராகச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்கு மனமில்லையென்றால் அந்த உருளையைக் கையால் இயக்கிக் கேளுங்கள். ஓர் உருளையை மாட்டியதும் முதல் திரும்பலைப் பக்கத்தில் நின்று பார்ப்பது என் வழக்கம்.

இரண்டு, நான்கு நிமிடக் கியரை மறப்பது

1908இல் வந்த நான்கு நிமிட ஆம்பரால் உருளையில் அங்குலத்துக்கு 200 பள்ளம். இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் இரண்டும் பாடும் இயந்திரத்தில் கியரை மாற்றினால்தான் ஃபீட் ஸ்க்ரூ பாதி வேகத்தில் சுற்றும். மறந்தால் முனை பள்ளங்களைத் தாண்டித் தாண்டிப் போகும். ரிப்பீட்டர் அந்தச் சேதத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி முனை கொண்ட கே வகை ரீப்ரொடியூசர் வைத்திருப்பவர்கள் கியரோடு சேர்த்து முனையையும் திருப்பினீர்களா என்று பாருங்கள்.

திரும்பும் திருகில் கிரீஸ்

வேண்டாம். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

ஓடவிட்டு வெளியே போவது

ஸ்டாண்டர்டில் ஒரே ஸ்பிரிங்தான். கேரேஜை இழுத்துத் திருப்ப அதன் பலத்தில் ஒரு பங்கு போகிறது. அந்த நேரத்தில் வேகம் கொஞ்சம் குறைவதைக் காதாலேயே உணரலாம். சாவி இறங்க இறங்க, ஒரு கட்டத்தில் பாட்டின் நடுவிலோ திரும்பும் வழியிலோ நின்றுவிடும். முனை மெழுகின் மேல் அழுத்தியபடி இரவெல்லாம் கிடக்கும். மூன்று ஸ்பிரிங் உள்ள ட்ரையம்ஃபில் இது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இசைத்தட்டு கிராமபோனில் எஃகு ஊசியோடு ரிப்பீட்டர்

செய்யவே செய்யாதீர்கள்.

காரணம் கேட்பவர்களுக்கு: 78 சுற்று அரக்குத் தட்டில் கல்பொடி போன்ற அரைக்கும் பொருள் கலந்திருக்கும். ஊசி பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பத் தேய வேண்டும் என்பதுதான் நோக்கம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடினால் ஊசி கிட்டத்தட்ட 130 மீட்டர் பள்ளத்தில் உரசியிருக்கும். முடிவில் அதன் முனையில் கூரான விளிம்புகளோடு தட்டையான முகங்கள் உருவாகியிருக்கும். ஊசி டப்பாவிலேயே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். நடுக்கம்பியில் மாட்டும் சின்ன ரிப்பீட்டர்கள் அந்த மழுங்கிய ஊசியையே தூக்கி மறுபடி வெளி விளிம்பில் வைக்கும். அது பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே உள்ளே வரும். நாலைந்து தடவை பாடியதும் தட்டு சாம்பல் நிறமாகிவிடும். அப்படி ஒரு ரிப்பீட்டர் கையில் கிடைத்தால் டங்ஸ்டன் கம்பி வைத்த ஊசியோடு, தேய்ந்துபோன தட்டில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

பெட்டியில் வைக்கும்போது

ரிப்பீட்டர் இணைப்பை விலக்கி, கேரேஜைத் தூக்கிய நிலையில் வையுங்கள். காரில் எடுத்துப்போவதானால் ரீப்ரொடியூசரைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். இடம் போய்ச் சேர்ந்ததும் பெல்ட்டைக் கழற்றி, மடித்த அட்டைச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிட்டே உருளையை மாட்டுங்கள். வண்டியின் குலுக்கலில் நிறுத்தத் திருகுகள் தளர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.