அசெம்பிளியோடு நீண்டு சுருங்கும் ஸ்பிரிங்கை வரைவது எப்படி?

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நாங்கள் கணினியில் வரையும் வால்வுகளில் பெரும்பாலானவை வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் பம்ப்செட் பட்டறைகளுக்குப் போகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போன, நீரைத் திரும்பி வர விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வைச் சோதித்துப் பார்த்த ஃபிட்டர் போனில் சொன்னார்: "சார், டிஸ்க் முழுசாத் தூக்க மாட்டேங்குது, ஸ்பிரிங் கட்டையாயிடுது." வால்வு மூடியிருக்கும்போது அந்த ஸ்பிரிங்கின் நீளம் 32 மி.மீ., டிஸ்க் 10 மி.மீ. தூக்கியதும் 22 மி.மீ. ஸ்பிரிங்கைத் தாங்கும் கைடுக்குள் 3 மி.மீ. வாஷர் ஒன்று பிற்பாடு சேர்ந்தது. எங்கள் அசெம்பிளியில், அதாவது பாகங்களை ஒன்றுசேர்த்துக் காட்டும் கணினி மாடலில், இருந்த ஸ்பிரிங்கோ 32 மி.மீ. நீளத்தில் உறைந்துபோன ஒரு பார்ட். வாஷர் வந்ததும் அது நகரவில்லை, வாஷருக்குள் ஊடுருவி நின்றது. ஸ்பிரிங் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அந்த ஊடுருவலை நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோம்.

ஸ்பிரிங்குக்குச் சொந்தமான அளவுகள் வேறு, அசெம்பிளி தரும் அளவு வேறு என்பதைத்தான் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பி விட்டம், சராசரி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுமையற்ற நீளம் ஆகிய நான்கும் ஸ்பிரிங்கின் சொத்து, எந்த அசெம்பிளியும் அவற்றைத் தொடக் கூடாது. பொருத்திய நீளம் ஒன்று மட்டுமே வெளியிலிருந்து வர வேண்டும். மேற்சொன்ன ஸ்பிரிங்கில் கம்பி 2 மி.மீ., சராசரி விட்டம் 16 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 8, முனைகளில் மூடித் தேய்த்த சுற்றுகள் இரண்டு, ஆக மொத்தம் 10, சுமையற்ற நீளம் 50 மி.மீ. சுற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும் நீளம் 10 × 2 = 20 மி.மீ. வாஷர் சேர்ந்தபின் முழுத் திறப்பில் ஸ்பிரிங்குக்குக் கிடைத்த இடம் 19 மி.மீ.தான்.

சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். வால்வு அசெம்பிளிக்குள் நேரடியாக ஸ்பிரிங்கை வரையத் தொடங்காதீர்கள். இரண்டு தட்டுகளை 50 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி ஒரு சிறிய தற்காலிக அசெம்பிளி அமைத்து, அதற்குள் புதிய பார்ட்டாக ஸ்பிரிங்கைத் தொடங்குங்கள். முதல் ஸ்கெட்ச்சில் ஒரே ஒரு நேர்கோடு. அதன் இரு முனைகளும் இரு தட்டுகளின் உள்முகங்களைத் தொட வேண்டும், நீள அளவு எதுவும் கொடுக்கக் கூடாது. அடுத்த ஸ்கெட்ச்சில் அந்தக் கோட்டின் கீழ்முனையிலிருந்து செங்குத்தாக 8 மி.மீ. நீளமுள்ள குறுங்கோடு. குறுங்கோட்டை நேர்கோட்டின் வழியே சர்ஃபேஸ் ஸ்வீப் செய்து (இழுத்துச் சென்று பரப்பாக்கி), முறுக்கு 10 சுற்று என்று கொடுத்தால், திருகுப் படிக்கட்டைப் போன்ற ஒரு பரப்பு கிடைக்கும். அதன் வெளி விளிம்புதான் நமக்கு வேண்டிய ஹெலிக்ஸ், அதாவது திருகு வளைவு. அந்த விளிம்பைப் பாதையாக வைத்து 2 மி.மீ. வட்டத்தை ஸ்வீப் செய்துவிட்டுப் பரப்பை மறைத்துவிடலாம்.

வட்டத்தையே நேர்கோட்டின் வழியே முறுக்கிவிட்டால் ஒரு படி மிச்சமாகுமே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் வட்டம் ஸ்பிரிங்கின் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் வட்டமாக இருக்கும், கம்பியின் குறுக்குவெட்டோ நசுங்கிப் பட்டையாகிவிடும். விளிம்பின் வழியே போனால் மட்டுமே கம்பி உருண்டையாக நிற்கும். கடைசியாக, இரு தட்டு முகங்களுக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அரைக் கம்பியை வெட்டிவிடுங்கள். தேய்த்த முனை வந்துவிடும்.

இந்த மாடலில் மூடிய முனைச் சுற்றுகள் தனியாகத் தெரியாது, பத்துச் சுற்றும் சம இடைவெளியில் இருக்கும். ஆனாலும் நீளம் 20 மி.மீ. ஆகும்போது பிட்ச் (சுற்றுக்குச் சுற்று உள்ள தூரம்) 2 மி.மீ. ஆகிக் கம்பிகள் முட்டிவிடுகின்றன, அதாவது உண்மையான ஸ்பிரிங் எங்கே கட்டையாகுமோ அங்கேயே மாடலும் கட்டையாகும். அசெம்பிளிக்கு அதுதான் முக்கியம் என்பது என் கருத்து. ஸ்பிரிங் சுற்றுபவருக்குக் கொடுக்கும் டிராயிங்கில் மட்டும் முனைகளை முறையாகக் காட்டி, சுமையற்ற நீளத்தையே அளவாக எழுதுங்கள்.

இனி வால்வு அசெம்பிளியில் ஸ்பிரிங்கைச் செருகுங்கள். அச்சுக்கு ஒரு மேட் (பாகங்களைப் பொருத்தி நிறுத்தும் கட்டுப்பாடு), டிஸ்க்கின் முதுகில் உட்காரும் முனைக்கு ஒரு மேட், அவ்வளவுதான். மறு முனையையும் மேட் செய்தால் ஸ்பிரிங் ஒரு கட்டையாக நின்று டிஸ்க்கை நகரவிடாது. பிறகு ஸ்பிரிங்கின் மேல் வலது கிளிக் செய்து, பார்ட்டை நெகிழ்வாக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். இந்த வசதி 2020 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய தட்டு முகங்களுக்குப் பதிலாக எந்த முகங்கள் என்று அது கேட்கும்போது, டிஸ்க்கின் முதுகையும் கைடின் உள்முகத்தையும் காட்டுங்கள். ஸ்பிரிங் அந்த இடைவெளியை நிரப்பும். மூல பார்ட் கோப்பில் 50 மி.மீ. அப்படியே இருக்கும். டிஸ்க்குக்கு 0 முதல் 10 மி.மீ. வரை எல்லை வைத்த தூர மேட் கொடுத்து நகர்த்திப் பாருங்கள். ஸ்பிரிங் கூடவே வரவில்லை என்றால் ரீபில்ட் செய்யுங்கள். வேறு எந்த பார்ட்டையும் ஸ்பிரிங்கின் முகத்தோடு மேட் செய்ய வேண்டாம், செய்தால் ஒன்றையொன்று சார்ந்த சுழலில் அசெம்பிளி மாட்டிக்கொள்ளும்.

இன்வென்டர் மென்பொருளில் இதற்கு அடாப்டிவ் என்று பெயர். அங்கே ஒரே ஸ்பிரிங்கைப் பல இடங்களில் போட்டால் ஒன்றுதான் அடாப்டிவாக இருக்க முடியும், மற்றவை அதன் நீளத்தையே பின்பற்றும். இரண்டு வால்வுகள் வெவ்வேறு திறப்பில் நிற்கும் அசெம்பிளியில் இது கழுத்தைப் பிடிக்கும். கிரியோ மென்பொருளில் நீள அளவை மாறக்கூடியது என்று பார்ட்டிலேயே குறித்துவைத்தால், பொருத்தும்போது அதன் மதிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மாடல் நகர்ந்தால் மட்டும் போதாது, விசையையும் பாருங்கள். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை, எஃகின் விறைப்பைக் குறிக்கும் 79,000-ஆல் பெருக்கி, சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, வேலை செய்யும் சுற்றுகள், 8 ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால், எஃகுக் கம்பியில் ஒரு மி.மீ. அமுக்கத்துக்கான விசை நியூட்டனில் வரும். நம் ஸ்பிரிங்குக்கு அது சுமார் 4.82. வாஷர் இல்லாதபோது, மூடிய நிலையில் 18 மி.மீ. அமுங்கியிருப்பதால் 87 நியூட்டன், முழுத் திறப்பில் 28 மி.மீ. அமுங்குவதால் 135 நியூட்டன்.

மாடல் காட்டாத ஒன்று மிச்சம் இருக்கிறது. குறுங்கோடு 8 மி.மீ. என்று நிலைத்திருப்பதால் திரையில் ஸ்பிரிங்கின் வெளி விட்டம் எப்போதும் 18 மி.மீ.தான். நிஜத்தில் கம்பியின் நீளம் மாறாது என்பதால், அமுங்க அமுங்கச் சுற்று கொஞ்சம் அகலும். இந்த ஸ்பிரிங் முழுதும் அமுங்கினால் வெளி விட்டம் ஏறத்தாழ 18.09 மி.மீ. ஆகும். கைடின் துளை 18.5 மி.மீ. என்றால் கவலையில்லை. 18.1 என்று யாராவது இறுக்கமாக வரைந்திருந்தால், கம்பி விட்டத்தின் டாலரன்ஸும் சேர்ந்து ஸ்பிரிங் சுவரில் உரசும், ஆகவே துளையின் அளவை டிராயிங்குக்கு அனுப்பும் முன் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.