திருகோணமலைக் காட்டை மரத்திலிருந்து பார்க்கத் தொடங்குதல்

திருகோணமலை மாவட்டத்துக் காடுகளைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலானோர் யானையைத் தேடியே வருகிறார்கள். யானை தென்படாத நாளில், காட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் காட்டை மரத்திலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கிறது என்பதை அறிந்தவருக்கு, எந்த விலங்கு எங்கே நிற்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அதற்கு முன் மழையின் போக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றாலும், அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வீசுவது கச்சான் எனப்படும் வறண்ட காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்கே தாழ்ந்து வரும்போது சூடேறி வறண்டுவிடுவதால், கொழும்புப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும் அதே நாட்களில் இங்கே மண் வெடித்துக் கிடக்கும். வெப்பம் மிகுந்த காலத்தில் வறட்சி, வெப்பம் தணிந்த காலத்தில் மழை என்ற இந்த ஒழுங்கு, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள், கலிபோர்னியா, மத்திய சிலி, தென்னாபிரிக்காவின் கேப் பகுதி, தென்மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் காலநிலையை நினைவூட்டுவது. ஆனால் அங்கெல்லாம் மழைக்காலம் குளிரானது. பல இடங்களில் மழையின் அளவு இங்குள்ளதில் பாதிகூட இல்லை. ஆகவே நமது காடு வெப்பமண்டலக் காடுதான். வறண்ட கோடையைத் தாங்குவதற்கு அது கைக்கொண்ட வழியில் மட்டும் அந்த நிலங்களோடு ஓர் உறவு இருக்கிறது.

அந்த வழியை இலையில் காணலாம். வீரை மரத்தின் கீழே கிடக்கும் இலை ஒன்றை எடுத்து மடித்துப் பாருங்கள். ஒலிவ மரத்தின் இலையைப் போலவே அதுவும் தடித்து, விறைத்து, எளிதில் வளையாமல் இருக்கும். நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்கும் இத்தகைய இலையை மரம் ஆண்டுதோறும் ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. கச்சான் உச்சத்தில் வீசும் ஆடி மாதத்திலும் காடு பச்சையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இடையிடையே இலை உதிர்க்கும் மரங்களும் உண்டு. முதிரை அவற்றுள் ஒன்று. வறட்சி முற்றும்போது அதன் கிளைகள் வெறுமையாகி, பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகளாகத் தோன்றும்.

தொடக்கத்தில் நான்கு மரங்களை அடையாளம் காணப் பழகினால் போதும். பாலை உயர்ந்து பரந்த முடியை உடையது. இலையின் நுனி உள்வாங்கியிருக்கும், காம்பைக் கிள்ளினால் பால் வடியும். வீரையின் அடிமரம் நெளிந்தும் குழிந்தும் ஒழுங்கற்று நிற்கும். கருங்காலியை அதன் கறுத்த பட்டை காட்டிக்கொடுக்கும். நான்காவது சாவண்டலை. திருகோணமலையின் பெயராலேயே வெளிநாட்டு மரச் சந்தைகளில் அறியப்பட்ட மரம் இது. சென்னைக் கடற்கரையில் அலையை ஊடறுத்துச் சென்ற மசூலாப் படகுகளுக்கு இதன் பலகைகளே விரும்பப்பட்டன. பாலை, கருங்காலி, சாவண்டலை ஆகியவை நூற்றாண்டுக் கணக்கில் வெட்டப்பட்ட மரங்கள் என்பதால், சாலையோரக் காட்டில் பருத்த அடிமரங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

பழகுவதற்கு ஏற்ற இடம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பிரட்றிக் கோட்டையினூடாகக் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் பாதையில் புள்ளிமான்கள் மனிதரைப் பொருட்படுத்தாமல் மேய்வதால், அவற்றின் நடத்தையை வேறெங்கும் இவ்வளவு அருகில் பார்க்க முடியாது. மான் எட்டும் உயரம் வரை செடிகளில் தளிர் இல்லாமல் போயிருப்பதையும் அங்கே கவனிக்கலாம். அவற்றுக்கு உணவு கொடுப்பது தவறான அன்பு. பாண் துண்டுடன் பொலித்தீனும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. கோட்டை பழகிய பின்னர், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சூழ்ந்த குன்றுகளுக்கும், வடக்கே திரியாயின் குன்றுக்கும் செல்லலாம்.

இனி மாதங்களைக் கணக்கில் எடுப்போம். ஐப்பசியின் முதல் மழையோடு, செம்பட்டுத் துணுக்குகளைப் போலத் தம்பலப்பூச்சிகள் மண்ணிலிருந்து வெளிப்படும். ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறது. சருகைக் கிளறி இரை தேடும் இப்பறவையைக் கண்ணால் தேடுவது வீண். விடியலிலும் அந்தியிலும் எழும் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டு, அத்திசையில் அசையாமல் நிற்பதே வழி. ஏப்ரலுக்குள் அது திரும்பிவிடும்.

மே தொடக்கம் ஜூலை வரையான பழக்காலமே இந்தக் காட்டைப் பார்ப்பதற்குரிய சிறந்த காலம் என்பது என் கருத்து. வெயில் கொடியதுதான், ஆயினும் அதற்கு ஈடு உண்டு. பாலையும் வீரையும் பழுக்கும்போது ஒரே மரத்தில் மந்திகள் எனப்படும் நீள்வால் சாம்பல் குரங்குகள், செங்குரங்குகள், மர அணில், இருவாயன், சின்னான் எல்லாம் ஒரு காலைப்பொழுதுக்குள் வந்துபோகும். மந்திகள் கொறித்துவிட்டுக் கீழே எறியும் தளிரையும் பழத்தையும் உண்ண மான்கள் அடியில் நிற்கும். ஆபத்தை மேலிருந்து மந்தியும் கீழிருந்து மானும் குரலால் அறிவிக்கும். எனவே பழுத்த பாலை ஒன்றைக் கண்டால், அதிலிருந்து ஐம்பது அடி தள்ளி, காற்று மரத்திலிருந்து உங்கள் பக்கமாக வீசும்படி நிழலில் அமர்ந்து, குறைந்தது ஒரு மணிநேரம் காத்திருங்கள். தொலைநோக்கி 8 மடங்கு பெருக்கமுடையதாக இருந்தால் போதும். அதற்கு மேற்பட்டது கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும். (கீழே விழுந்த பாலைப்பழத்தைச் சுவைத்துப் பார்ப்பவர்கள், உதடு ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.)

பழத்தை நாடிக் கரடியும் வரும் என்பதை மறக்கக் கூடாது. பெருங்காட்டோரத்தில் பாலையின் பட்டையில் ஆழமான நகக்கீறல்களோ, குடைந்தெடுக்கப்பட்ட புற்றோ, பாலை விதைகள் நிறைந்த எச்சமோ புதிதாகக் காணப்பட்டால், அங்கே அமராமல் வந்த வழியே திரும்ப வேண்டும். கரடி உண்ட விதைகள் வேறிடத்தில் விழுந்து முளைப்பதால், அந்த எச்சத்தைத் தொலைவிலிருந்து படம் எடுத்துக்கொள்வதும் பயனுள்ள பதிவுதான்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் காட்டுக்குள்ளே நீர் அற்றுப்போகும். அப்போது குளங்களின் பக்கம் திரும்புங்கள். கந்தளாய்க் குளத்தைப் போன்ற பெருங்குளங்களில் நீர் பின்வாங்கிய ஈரநிலத்தில் புல் முளைக்கும். மாலையில் யானைகள் அதைத் தேடி வரும். கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கிச் செல்லும் வீதியை அவை கடக்கும் நேரமும் அதுவே. வாகனத்தை விட்டு இறங்குவதோ, யானைக்கும் காட்டுக்கும் இடையே போய் நிறுத்துவதோ கூடாது.

நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் புதர்க்காட்டிலும் தென்மேற்கு அவுஸ்திரேலியாவிலும் தீயின் வெப்பமோ புகையோ பட்ட பின்பே முளைக்கும் விதைகள் பல உண்டு. பாலைக்கும் வீரைக்கும் அத்தகைய தேவை கிடையாது. இங்கே கச்சான் காலத்தில் மூளும் தீ பெரும்பாலும் மனிதர் வைத்ததே. எரிந்த இடத்தை இலுக்குப் புல்லும் நாயுண்ணிப் புதரும் பிடித்துக்கொள்ள, மரக்கன்றுகள் தலையெடுக்க நெடுங்காலம் ஆகிறது. அணைக்காத சுருட்டு ஒன்றே இதற்குப் போதும்.

சரணாலயங்களுக்குள்ளும் ஒதுக்கக் காடுகளுக்குள்ளும் நுழைவதற்கு, உரிய திணைக்களத்தின் அனுமதி தேவை. போர் நடந்த மாவட்டம் என்பதால், பாதையை விட்டு விலகாமல் நடப்பதும், மண்ணில் புதைந்திருக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாமல் பொலிசாருக்கு அறிவிப்பதும் கட்டாயம். குறிப்பேட்டில் விலங்கின் பெயரை மட்டும் எழுதாமல், அது நின்ற மரம், அந்த மரத்தில் பூவா காயா பழமா, காற்று வாடையா கச்சானா, கடைசியாக மழை பெய்தது எப்போது என்பவற்றையும் எழுதுங்கள். பாலை எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. காய்ப்புக் குறைந்த ஆண்டில் அதே விலங்குகள் எந்த மரத்துக்குப் போகின்றன என்பதை அந்தக் குறிப்புகளை ஒப்பிட்டுத்தான் கண்டறிய முடியும்.