சிஎஸ்வி கோப்பில் ‘ஃபால்ஸ்’ இருந்தால் கவனம்

பைத்தானில் டிக்ட்ரீடர் (வரிவரியாகப் படித்துத் தரும் கருவி) வைத்து சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) படித்தால், சாதாரணமாக எல்லாக் கட்டங்களும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்தாகத்தான் வரும். ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே என்று அதை அப்படியே, ட்ரூவா ஃபால்ஸா என்று மாற்றித் தரும் பூல் ஃபங்ஷனுக்குள் போட்டால் ‘ட்ரூ’ என்று பதில் வரும். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அதற்கு ட்ரூதான்! இதில் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

டேட்டாகிளாஸ் (ஃபீல்டுகளை, அதாவது கட்டங்களை, டைப்போடு எழுதிவைக்கும் பைத்தான் வசதி) எழுதினால் சரியாகிவிடுமா? ஆகாது, அது டைப்பை (எண்ணா, தேதியா, எழுத்தா என்பதை) சோதிப்பதே இல்லை. பைடான்டிக் என்ற பைத்தான் லைப்ரரியின் பேஸ்மாடலில் ஃபீல்டுகளை டைப்போடு எழுதி, ஒவ்வொரு வரியையும் அதற்குள் அனுப்புங்கள். ‘ஃபால்ஸ்’, ‘நோ’, ‘0’ எல்லாம் ஒழுங்காக ஃபால்ஸ் ஆகும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தால், எந்த ஃபீல்டு என்று சொல்லியே எரர் தரும்.

அப்புறம், 0452 மாதிரி எஸ்டிடி கோடை இன்ட் (முழு எண்) ஆக்காதீர்கள், முன்னால் உள்ள சைபர் போய்விடும். அது ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.