டபுள் லிஃப்ட் பழகப் போறீங்களா, முதல்ல ஒத்தச் சீட்டத் திருப்பிப் பாருங்க

சீட்டு மேஜிக்ல புதுசா ஒரு மூவ் கத்துக்கணும்னா எல்லாரும் நேரா ரகசியத்துக்குத்தான் ஓடுறாங்க, விரல எங்க வைக்கணும், எத்தனை சீட்டு எடுக்கணும்னு. அது ரெண்டாவது வேலைங்க. அந்த மூவ் வெளிய பாக்குறவங்களுக்கு எந்த சாதாரண வேலையாத் தெரியணுமோ, அந்த வேலைய நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பாக்குறதுதான் முதல் வேலை. டபுள் லிஃப்ட்டயே எடுத்துக்குங்க. மேல இருக்குற ரெண்டு சீட்ட ஒரே சீட்டுன்னு திருப்பிக் காட்டுறது, அவ்வளவுதான். அப்ப நீங்க நிஜமாவே ஒரு சீட்டத் திருப்பும்போது எப்படித் திருப்புறீங்க? இது தெரியாம ரெண்டு சீட்டத் திருப்பிப் பழகி என்ன பிரயோஜனம்?

அதனால ஒரு சீட்டுக்கட்ட எடுத்துக்கிட்டு திண்ணைல உக்காருங்க, போன எதிர்ல சாச்சு வச்சு வீடியோ ஆன் பண்ணிட்டு, எதையும் யோசிக்காம மேல இருக்குற ஒரு சீட்டத் திருப்பி வைங்க, மறுபடி ஒண்ணு, மறுபடி ஒண்ணு. அப்புறம் ஓட்டிப் பாருங்க. எந்த மூலையப் பிடிக்கிறீங்க, எவ்வளவு வேகம், கண்ணு எங்க போகுது, சீட்டு எவ்வளவு நேரம் கைல நிக்குது, எல்லாத்தயும் கவனிங்க. முக்காவாசிப் பேரு இடது கட்டைவிரலால சீட்ட லேசா வலது பக்கம் தள்ளி, வலது கையால மூலையப் பிடிச்சு அப்படியே புரட்டுவாங்க. அதுதான் உங்க அளவு. டபுள் லிஃப்ட் அதுக்குப் பொருந்தணும். ஸ்டைலா ஒண்ணப் பழகிட்டு ஒத்தச் சீட்ட வேற மாதிரி திருப்புனா, பாக்குறவங்களுக்குக் காரணம் தெரியாட்டியும் மனசுல ஒரு சந்தேகம் விழுந்துடும். அதுவும் நம்ம பக்கம் ரம்மி ஆடி ஆடிப் பழுத்த பெரியவங்க உக்காந்திருப்பாங்க, அவங்க கண்ணு விரல விட்டு நகராது.

சீட்டுக்கட்டு பத்தி கொஞ்சம். பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் சீட்டே போதும். முழு பிளாஸ்டிக் சீட்டு நல்லா உழைக்கும், ஆனா துள்ளும், வழுக்கும், ரெண்டு சீட்டு ஒண்ணா நிக்காது. ரொம்பப் பழசான கட்டுல அழுக்கு ஏறி ரெண்டு எடுத்தா மூணு வரும். போக்கர் சைஸ் 63 மில்லிமீட்டர் அகலம், பிரிட்ஜ் சைஸ் 57, உயரம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கை சின்னதா இருக்குறவங்க, பசங்க எல்லாம் பிரிட்ஜ் சைஸ்ல ஆரம்பிக்கலாம். அக்னி நட்சத்திரத்துல கை வேர்த்து ஒட்டும், கழுவித் துடச்சுட்டு எடுங்க. ஆத்தங்குடி கல்லு மேல நேரா வச்சுப் பழகாதீங்க. அது கண்ணாடி மேல வார்த்து எடுக்குற கல்லு, அவ்வளவு வழவழப்பு, விழுந்த சீட்டக் கிளப்ப நகம் போட வேண்டியிருக்கும், ஓரமும் மடங்கிப் போகும். ஜமுக்காளம், இல்ல ஒரு தடுக்கு விரிச்சுக்குங்க.

இப்ப மூவ். கட்டு இடது உள்ளங்கைல, கட்டைவிரல் இடது ஓரமா, நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூணும் வலது ஓரத்துல, ஆள்காட்டி முன்பக்கம். இதுக்கு மெக்கானிக்ஸ் கிரிப்னு பேரு. வலது கைய மேல இருந்து கொண்டு வாங்க, கட்டைவிரல் உங்க பக்கத்து சின்ன ஓரத்துல, மத்த விரல் எதிர் ஓரத்துல, கட்டு கலைஞ்சிருந்தா சரிபண்ணுவோமே அந்தப் பிடி. சரிபண்ணிக்கிட்டே வலது கட்டைவிரலால மேல இருக்குற ரெண்டு சீட்டோட பின் ஓரத்தக் கொஞ்சமாத் தூக்குங்க, ஒரு நூல் அளவு போதும், அந்த இடைவெளில இடது சுண்டு விரலோட சதைய வைங்க. நகம் இல்ல, சதை. விரல உள்ள நுழைக்கக் கூடாது, ஓரத்துல லேசாத் தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். இதுதான் பிரேக். முன்பக்கத்துல இருந்து பாத்தா கட்டு முழுசா மூடியே தெரியணும்.

ஒண்ணா ரெண்டான்னு கட்டைவிரலுக்குத் தெரியுறதுதான் இதுல கஷ்டமான இடம். இதுக்குக் குறுக்கு வழி கிடையாது, பஸ்ல போகும்போது, டிவி பாக்கும்போது, கைல கட்டு இருக்கட்டும். ஒரு சீட்டத் தூக்கு, ரெண்டாவதத் தூக்கு, நிறுத்துன்னு விரலுக்கே பழகிடும், அது வரைக்கும் அடுத்த படிக்குப் போகாதீங்க.

பிரேக் கிடைச்சதும் வலது கை, நீங்க வீடியோல பாத்தீங்களே, ஒத்தச் சீட்டப் பிடிச்ச அதே மூலைய அதே மாதிரி பிடிக்கணும். ரெண்டு சீட்டயும் சேத்து மிக லேசா வளைச்சா ஒட்டிக்கிட்டு நிக்கும். இறுக்கிப் பிடிச்சா வழுக்கிப் பிரியும், அதனால பிடி எப்பவும் தளர்வாத்தான் இருக்கணும். புரட்டி கட்டு மேல வைக்கும்போது சரியா அடுக்கி வைக்காதீங்க, உங்க பக்கமா கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கட்டும், அப்பத்தான் திரும்பக் கவுக்கும்போது அந்த ரெண்டயும் சிரமம் இல்லாம எடுக்க முடியும். புதுசாப் பழகுறவங்க காட்டுறதோட நிறுத்திடுறாங்க, திரும்பக் கவுக்குறது பாதி மூவ்ங்க, அதயும் அதே அளவு பழகணும்.

பழகுறது மெதுவாத்தான். வீட்டுல அந்தக் காலத்து பெல்ஜியம் கண்ணாடி இருந்தா நல்லது, முன்னாடி நின்னு பாருங்க, ஆனா கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க. மூவ் நடக்குற சரியான நொடில நம்ம கண்ணு தன்னால சிமிட்டும், தப்பு நமக்கே தெரியாது. போன் வீடியோ சிமிட்டாது. தோள் தூக்குதா, மூச்சு நிக்குதா, பேச்சு அந்த நேரத்துல தடுக்குதா, அதயும் பாருங்க. அப்புறம் வாய விட்டுப் பேசிக்கிட்டே பண்ணுங்க, தனியா இருந்தாலும் பரவாயில்ல.

பிரேக்க எப்ப எடுக்குறதுன்னு ஒண்ணு இருக்கு. சீட்டத் திருப்பப் போற நேரத்துல எடுத்தா எல்லாக் கண்ணும் கைலதான் இருக்கும். முன்னாடியே எடுத்து வச்சுக்குங்க. நம்ம நகரத்தார் வீட்டுல சாந்தி கல்யாணம், அதான் அறுபதாம் கல்யாணம், அது மாதிரி ஒரு விசேஷம், சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்காங்கன்னு வைங்க, “ஆச்சி, நீங்க எந்தக் கோயில், இளையாத்தங்குடியா மாத்தூரா?”ன்னு கேளுங்க (நகரத்தார்ல ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலச் சேந்தது). ஆச்சி பதில் சொல்லுவாங்க, பக்கத்துல இருக்குறவங்க “அட நம்ம கோயிலா”ன்னு ஆரம்பிப்பாங்க, அத்தனை பேரும் ஆச்சி முகத்தப் பாப்பாங்க. நீங்களும் ஆச்சியப் பாத்துக்கிட்டே பிரேக்க எடுத்துடுங்க. நீங்க எங்க பாக்குறீங்களோ அங்கதான் சனம் பாக்கும், உங்க கையவே நீங்க குனிஞ்சு பாத்தா எல்லாம் போச்சு.

எங்க நிக்கிறீங்கன்னு யோசிங்க. பிரேக் பின்பக்கம் தெரியுற விஷயம், பின்னாடி நிக்கிற ஒரு பொடியன் போதும் கத்துறதுக்கு. வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, பண்ணுனா ஒரு தூண ஒட்டி முதுகு இருக்குற மாதிரி நில்லுங்க, எல்லாரும் எதிர்லயே இருப்பாங்க. மேல் மாடில இருந்து வளவ எட்டிப் பாக்குற வீடா இருந்தா மேலயும் ஒரு தடவை பாத்துக்குங்க, நேர் மேல இருந்து சீட்டு முன்ன பின்ன இருக்குறது தெரியும். முகப்புல சின்னக் கூட்டத்துக்குப் பண்றது இதவிட நல்லது.

கூட்டத்துல யாராச்சும் மேஜிக் தெரிஞ்சவங்க இருந்தா என்ன பண்றதுன்னு பயப்படாதீங்க. 1922-ல சிகாகோல டை வெர்னன்னு ஒரு சீட்டு மேஜிக்காரர், பேர் போன மேஜிக்காரர் ஹூடினிக்கு ஒரு சீட்டு வித்தை காட்டுனாரு. எந்த வித்தையயும் மூணு தடவை பாத்தா கண்டுபிடிச்சிடுவேன்னு சவால் விட்டவரு ஹூடினி. ஹூடினியே கையெழுத்துப் போட்ட சீட்டு, மேல இருந்து ரெண்டாவதா வச்சா மேல வருது, திரும்பத் திரும்பப் பண்ணிக் காட்டியும் அவரால கண்டுபிடிக்க முடியல. அந்த வெர்னன் கடைசி வரைக்கும் சொன்னது, இயல்பா இருங்கன்னுதான். கை வேகத்த அவரு பெரிசாப் பேசல.

முதல் வித்தையா இதப் பண்ணுங்க. டபுள் லிஃப்ட் பண்ணிக் காட்டுங்க, கிளாவர் ராணின்னு வைங்க, எல்லாரும் பேரச் சொல்லட்டும். கவுத்துட்டு மேல் சீட்ட மட்டும் எடுத்து, அது வேற சீட்டு, கட்டுக்கு நடுவுல சொருகுங்க. கொஞ்சம் விடுங்க. சொடக்குப் போட்டு மேல் சீட்டத் திருப்புங்க, ராணி அங்கயே இருப்பா. இந்த முறை நிஜமான ஒத்தச் சீட்டு, அதே கையாலதான் திருப்பணும். “இன்னொரு தடவை”ன்னு கேப்பாங்க, அன்னைக்கு வேண்டாம், வேற வித்தைக்குப் போயிடுங்க.

பழகுன மூவ காசு வச்சு ஆடுற சீட்டுல தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க. அது வித்தை இல்ல, திருட்டு.

சபைல ரெண்டு சீட்டும் பிரிஞ்சு தெரிஞ்சிடுச்சுன்னா பதறாதீங்க, விளக்கமும் சொல்லாதீங்க. ரெண்டயும் கட்டு மேல போட்டு, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட “அண்ணே, நல்லாக் கலைச்சுக் குடுங்க”ன்னு நீட்டிடுங்க. அவரு கலைச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த வித்தையப் பேச ஆரம்பிச்சிருக்கணும், அதனால டபுள் லிஃப்ட் தேவைப்படாத ஒரு வித்தைய எப்பவும் கைவசம் வச்சுக்கிட்டே சபைக்குப் போங்க.