குறைந்த செலவில் நிறைய டெராபைட்: எங்கே சறுக்குகிறார்கள்

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும், 4கே காட்சிகளை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பவர்களுக்கும் ஒரு கட்டத்தில் 10, 20 டெராபைட் இடம் தேவைப்படுகிறது. செலவு கையைக் கடிக்காமல் அதைச் செய்ய இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்தான் வழி. ஆனால் ஒரு டெராபைட் என்ன விலை என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் பணத்தோடு சேர்ந்து கோப்புகளும் போய்விடலாம்.

ஆயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் பென்டிரைவ் என்று வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். அந்த விலைக்கு அவ்வளவு இடம் எங்கேயும் கிடைக்காது. உள்ளே இருப்பது சின்ன மெமரி சிப். கணினியிடம் 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கியது எதுவானாலும் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள்.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடுவது: எஸ்.எம்.ஆர். டிஸ்க். இதில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். அதனால் அதே தகட்டில் அதிகம் எழுதலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒரு இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ஒரு முறை எழுதி வைத்துப் பிறகு படிப்பதற்கு இது போதும். ரெய்டில், அதாவது ஒன்று செத்தாலும் கோப்புகள் போகாதபடி பல டிஸ்க்குகளைக் கோக்கும் அமைப்பில், போட்டால்தான் சிக்கல். ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போது வேகம் படுத்துவிடும். சில சமயம் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ரெய்டே அதை வெளியே தள்ளிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென்றே (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்று ஒப்புக்கொண்டது. பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள் என்பது இன்றைக்கும் கோபம் வரவைக்கும் விஷயம். அப்புறம் பழைய முறையில் எழுதும் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். ஆகவே மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடி சி.எம்.ஆர்.தானா என்று பார்த்த பிறகே ரெய்டுக்கு வாங்குங்கள்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை வாங்கி, பெட்டியைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வது நல்ல மலிவு வழி. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் விலை ஏறியபோது இணையவழி பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் இப்படித்தான் கடைகடையாக வாங்கிச் சமாளித்தது. ஆனால் தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்காகப் பாருங்கள். கையடக்கமான 2.5 அங்குல வகையில் பலவற்றில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கும், கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் செருக இடமே இருக்காது. பிரித்த டிஸ்க் கணினியில் சுழலவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் வரும் 3.3 வோல்ட் அதை நிறுத்தி வைத்திருக்கலாம்; அந்தப் பின்னைக் காப்டான் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மூடினால் போதும். 3.3 வோல்ட் வராத பழைய மோலெக்ஸ் பவர் முனையிலிருந்து இணைப்பு எடுக்கலாம் என்று, மலிவான, ஒரே வார்ப்பாக அச்சில் ஊற்றிய மோலெக்ஸ்-சாட்டா கேபிளைப் போடாதீர்கள். உள்ளே கம்பிகள் ஒட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. பெட்டியைப் பிரித்தால் வாரன்ட்டியில் தகராறு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய சர்வர் டிஸ்க் வாங்குவதும் தப்பில்லை. முதலில் அது சாட்டாவா, சர்வர்களுக்கான சாஸ் இணைப்பா என்று கேளுங்கள். சாஸ் டிஸ்க் சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது, அதற்குத் தனி கார்டு வேண்டும். பிறகு ஸ்மார்ட் விவரங்களில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) 5, 197 என்ற எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும்; கெட்டுப்போன, கெடும் நிலையில் உள்ள இடங்களின் எண்ணிக்கை அது. ஓடிய மணிநேரத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதை அழித்துவிட முடியும். 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளிக்கொண்டு வந்தது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு இருக்கிறது, அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் கிடக்கும் எட்டு 1 டெராபைட் டிஸ்க்குகளைக் கோத்துவிடலாமே என்று தோன்றும். ஒவ்வொன்றும் சும்மா சுழல 5 வாட் என்று வைத்தாலே நாள் முழுக்க ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 29 யூனிட் மின்சாரம். ஒரே 8 டெராபைட் டிஸ்க் வாங்கிவிடலாம்.

கடைசியாக, ரெய்டை பேக்கப் என்று நினைப்பது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. தவறி அழித்தாலோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலோ, மின்னல் இறங்கினாலோ எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே போகும். அதனால் 10 டெராபைட் வேண்டும் என்றால் பட்ஜெட்டை 20க்குப் போடுங்கள். அந்த இரண்டாவது பிரதிக்கு மலிவான எஸ்.எம்.ஆர். டிஸ்க்கே தாராளம். எழுதி முடித்ததும் கழற்றி அண்ணன் வீட்டிலோ அலுவலகத்திலோ வைத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை செருகிக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.